தூண்டில் வாங்க எந்தக் கடைக்குப் போகலாம்?

புதிதாகத் தூண்டில் போட ஆரம்பிப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே கடையில் அள்ளிக்கொண்டு வருவார்கள். வேண்டாம், பிரித்து வாங்குங்கள்.

கம்பும் ரீலும் டெக்கத்லான் மாதிரி பெரிய கடையில் வாங்கலாம். கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்கலாம், பில்லும் வாரண்டியும் இருக்கும்.

முள், ஈயக்குண்டு, தங்கூஸ் (நைலான் நரம்பு) இதெல்லாம் துறைமுகத்துப் பக்கத்துக் கடையில்தான். காசிமேடானாலும் தூத்துக்குடியானாலும், அங்கே சில்லறையாகவே தருவார்கள். இப்போது கொடுவா மீன் வருகிறதா, இறால் கோர்ப்பதா என்று கடைக்காரரையே கேளுங்கள். பெரிய கடையில் சீருடை போட்ட தம்பிக்கு அது தெரிந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

முள்ளின் எண் குழப்பும். 10ஐ விட 6 பெரியது, 1ஐ விட 1/0 பெரியது, 2/0 அதைவிடப் பெரியது. முனையைக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கூரான முள் நகத்தில் பிடிக்கும், மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும்.

சின்னக் கடையில் ஒன்றில் மட்டும் உஷார்: வாசலில் வெயில்படத் தொங்கும் நைலான் நரம்பு. வெயிலில் அதன் பலம் போய்விடும். உள்ளே இருக்கும் சுருளைக் கேளுங்கள். ஒரு முழம் இழுத்து, முடிச்சுப் போட்டு, வெடுக்கென்று சுண்டுங்கள். சட்டென்று அறுந்தால் வேறு சுருள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

அப்புறம், ரீலையும் கூடவே கொண்டுபோனால் சில கடைகளில் அவர்களே நரம்பைச் சுற்றிக் கொடுப்பார்கள். ரீல் உருளையின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்தச் சொல்லுங்கள்.