அரைஞாண் கயிற்றுக்கு அடியில் இருந்த விடை

தேவிபட்டினம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிவிட்டு வந்த எட்டாம் நாள் காய்ச்சல், மண்டையிடி. மலேரியா, டெங்கு இல்லை. வைடால் டெஸ்டை நம்பி டைபாய்டு மாத்திரை. ஐந்து நாள் வீண்.

அமெரிக்க மச்சான் போனில், “லைம் நோயா இருக்கும் மாப்ள, உடம்புல பாரு” என்றார். அந்த நோய்க்கு அடையாளமான, வளையமாகப் படரும் சிவப்புத் தடிப்பு எங்குமில்லை. ஆனால் அரைஞாண் கயிற்றுக்கு அடியில், சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை; குளிக்கும்போதுகூடத் தட்டுப்படவில்லை.

ராமநாதபுரத்தில் வேறொரு டாக்டரிடம் அதைக் காட்டினேன். ஸ்க்ரப் டைபஸ். ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோமே, அதுதான். கடித்தது என்னவோ புதரிலிருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிலந்திப்பேன் குஞ்சு. எலிசா டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தார். முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இரண்டு வேளை, 7 நாளுக்கு எழுதினார். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. அப்பாடா!

பொருக்கு உதிரத்தான் மூன்று வாரம் ஆனது.