இலங்கை மலையகத்துக்கு மாத்திரை கொண்டு போவோர் கவனத்துக்கு

பரசிட்டமோலை வெளிநாட்டிலிருந்து போத்தல் போத்தலாகச் சுமந்து செல்ல வேண்டியதில்லை; ஹட்டனிலும் பண்டாரவளையிலும் எந்தப் பாமசியிலும் அது கிடைக்கும். கனடாவில் அசெட்டமினோஃபென் என்று விற்பதும் அங்கே பனடோல் என்று கேட்டு வாங்குவதும் ஒரே மருந்து என்பதால், இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. தடிமனுக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே கலந்திருக்கிறது. ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8 என்பதே உச்ச எல்லை. வயிற்றோட்டத்துக்கு, உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூள் பொதியொன்றை முழுவதும் கொட்டி, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் கரைத்துக் குடியுங்கள். ரம்பொடை வளைவுகளில் வாந்தி வருபவர்கள், பஸ் ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பாவது அதற்கான மாத்திரையைப் போட்டிருக்க வேண்டும்.

இவற்றைவிட என் மனதை அழுத்துவது வலி மாத்திரைதான். மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் வாழும் என் மாமாவுக்கு, உறவினர் ஒருவர் பெரிய போத்தல் நிறைய ஐபுபுரோஃபென் கொண்டுவந்து கொடுத்திருந்தார். காலமெல்லாம் மலை ஏறி இறங்கிய முழங்கால் அது. வலி குறைந்ததும் மாமா அதை நாள்தோறும் போடத் தொடங்கிவிட்டார். ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கு லொசாட்டனும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் எடுத்துவந்தவர் அவர். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதடையலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் போனபோது கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. விடியுமுன் புறப்பட்டு, கிளினிக் வரிசையில் நண்பகல் வரை நின்றோம். மாமாவின் மருந்துகளை எழுதிவைக்கும் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்த டாக்டர், "இதில் இல்லாத மருந்தை யார் கொடுத்தது?" என்று கேட்டார். கொடுத்தவர் நான் இல்லையென்றாலும் என்னால் தலை நிமிர முடியவில்லை. பக்கத்தில் இருந்து பார்க்க முடியாத நாமெல்லோரும் போத்தல்களை அனுப்பித்தானே மனதைத் தேற்றிக்கொள்கிறோம். இத்தனைக்குப் பிறகும் மாமி, "அடுத்த தடவை எனக்கும் ஒரு போத்தல் கொண்டு வாப்பா, வெளிநாட்டு மருந்து நல்லா கேக்குது" என்றபோது எனக்குக் கோபமே வந்தது.

ஆகவே யார் மாத்திரை கேட்டாலும், முதலில் அவரது கிளினிக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதை ஒரு மருந்தாளரிடம் காட்டுங்கள். முழங்காலுக்குப் பூசும் மருந்து போதுமா என்றும் கேளுங்கள்.

காய்ச்சல் கண்டால், டெங்கு இல்லையென்று உறுதியாகும் வரை ஐபுபுரோஃபெனும் அஸ்பிரினும் வேண்டாம்; இரத்தக்கசிவு ஆபத்தை அவை கூட்டும். நுவரெலியாக் குளிரில் நுளம்பு எங்கே என்று எண்ணாதீர்கள். நாம் கொழும்பு, கண்டி வழியாகத்தான் வருகிறோம். கடித்து 4 முதல் 10 நாட்கள் கழித்தே காய்ச்சல் தொடங்கும்.

மிஞ்சிய மாத்திரைகளைத் திரும்ப எடுத்து வாருங்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த போத்தல் அடுத்தடுத்த வீடுகளுக்கும் போகும். அங்கே யாருக்கு என்ன வருத்தம் என்று நமக்குத் தெரியாது.