தோல் பவளத்தை வெட்டிய வினை

என் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டியில் மீன்கள் சுறுசுறுப்பாகவே நீந்தின. கடினப் பவளங்கள் மட்டும் ஒரு வாரமாக விரியாமல் சுருங்கிக் கிடந்தன. உப்பளவு, காரத்தன்மை, கால்சியம் எல்லாம் சரியாக இருந்தன. தண்ணீரைச் சோதிக்கும் குப்பிகளைச் சந்தேகித்துப் புதிதாக வாங்கினேன், தண்டச் செலவு.

குற்றவாளி, மூலையில் காளான் குடைபோல் நின்ற தோல் பவளம். இடம் போதவில்லை என்று முந்தைய வாரம் அதன் விளிம்பைத் தொட்டிக்குள்ளேயே கத்தரித்திருந்தேன். இவ்வகைப் பவளங்கள் டெர்பீன் என்னும் தற்காப்பு வேதிப்பொருள்களை நீரில் கசியவிட்டு அண்டைப் பவளங்களை ஒடுக்குபவை. வெட்டுப்பட்டால் கேட்கவே வேண்டாம். வீட்டுச் சோதனைக் குப்பி எதுவும் இதைக் காட்டாது.

கால் பங்கு தண்ணீரை மாற்றினேன். இவ்வேதிப்பொருள்களை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனைக் கறுப்புத் தூள் போகும்வரை அலசி, வலைப்பையில் கட்டி, வடிகட்டியில் நீர் பாய்ந்து வரும் இடத்தில் வைத்தேன். சும்மா தொட்டியில் தொங்கவிட்டால் பெரிய பயன் இல்லை. நான்காம் நாள் கரியை மாற்றினேன். அன்று மாலையே ஒரு கடினப் பவளக் கிளையின் நுனியில் பாலிப்கள், அதாவது பவளத்தின் குட்டி உயிர்கள், பொடிப்பொடியாக எட்டிப் பார்த்தன.

இப்போது வெட்டும் வேலையெல்லாம் தனி வாளியில்தான், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து. சோவாந்திட் எனப்படும், பொத்தான் போன்ற பவள வகைகளில் பாலிடாக்ஸின் இருக்கக்கூடும். அது மனிதரையே சாய்க்கும் நஞ்சு. அவை ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கவே கூடாது, ஆவியே ஆபத்து.