சுண்ணாம்பும் அமிலமும்: வேதிவினைக்கூறு விகிதக் கணக்குகளைப் போடும் முறை

நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறி நிலங்களிலும் மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கச் சுண்ணாம்போ டோலமைட்டோ இடுவதைக் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து மாணவர்கள் பார்த்திருப்பார்கள். இவ்வளவு சுண்ணாம்பு எவ்வளவு அமிலத்தைச் சமன் செய்யும் என்பதுதான் பதினோராம் வகுப்பில் வேதிவினைக்கூறு விகிதம் என்ற பெயரில் வருகிறது. இதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கிராமைக் கிராமோடு நேராக ஒப்பிடுவதால் வருபவை.

முதல் வேலை சமன்பாட்டைச் சமன் செய்வது. சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சியம் கார்பனேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வினைபுரிந்து கால்சியம் குளோரைடு, நீர், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைத் தருகின்றன. கால்சியம் குளோரைடில் இரண்டு குளோரின் அணுக்கள் இருப்பதால் அமிலத்துக்கு முன்னால் 2 இட வேண்டும். அதனுடன் ஹைட்ரஜனும் சரியாகிவிடும். வாய்பாட்டுக்குள் இருக்கும் சிறிய எண்களைத் தொடக் கூடாது. தொட்டால் அது வேறொரு பொருளாகிவிடும்.

இனி, 10 கிராம் கால்சியம் கார்பனேட்டும் 5.475 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு கரைந்த அமிலமும் இருப்பதாகக் கொள்வோம். மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, ஒரு மோலின் கிராம் எடையே மோலார் நிறை. மோலார் நிறைகள் முறையே 100, 36.5 என்பதால் கார்பனேட் 0.1 மோல், அமிலம் 0.15 மோல். மோல் எண்ணிக்கையில் கூடுதலாக இருப்பது அமிலம்தான் என்றாலும், முதலில் தீர்ந்துபோவதும் அதுவே, ஏனெனில் 0.1 மோல் கார்பனேட்டுக்கு 0.2 மோல் அமிலம் தேவை. ஒவ்வொரு மோல் அளவையும் சமன்பாட்டில் அதன் முன்னுள்ள எண்ணால் வகுத்துப் பார்த்தால் ஐயமே எழாது: 0.1, 0.075. சிறியது எதுவோ அதுவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள். ஆகவே 0.075 மோல், அதாவது 3.3 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், 2.5 கிராம் கார்பனேட் வினைபுரியாமல் மிஞ்சும்.

விடையைச் சரிபார்க்க ஆசிரியரைத் தேட வேண்டியதில்லை. கால்சியம் குளோரைடு 8.325, நீர் 1.35, வாயு 3.3, மிச்சம் 2.5 ஆகியவற்றைக் கூட்டினால் 15.475 கிராம், தொடக்கத்தில் எடுத்துக்கொண்டதும் அவ்வளவே. பலர் இதைச் செய்வதே இல்லை. அரை நிமிட வேலைதான்.

டோலமைட்டுக்கும் இதே வழிதான். கால்சியம், மக்னீசியம் இரண்டும் கலந்த இந்தக் கார்பனேட்டின் மோலார் நிறை 184. ஒரு மோல் டோலமைட் நான்கு மோல் அமிலத்தைச் சமன் செய்யும். ஒரு மோல் அமிலத்துக்குச் சுண்ணாம்புக்கல் 50 கிராம் தேவைப்பட, டோலமைட் 46 கிராமே போதும். தூய நிலையில் எடைக்கு எடை டோலமைட்டே சற்றுக் கூடுதல் அமிலத்தைச் சமன் செய்யும் என்பது இதனால் விளங்கும். மண்ணில் அது மெதுவாக வினைபுரியும் என்பது வேறு செய்தி.

வாயுவின் பருமனைக் கேட்கும் கணக்கில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸுக்கும் 1 வளிமண்டல அழுத்தத்துக்கும் உரியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் அதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. 15 டிகிரி வெப்பநிலையில் அங்கு ஒரு மோல் வாயு 31 லிட்டர் அளவுக்கு இடம் பிடிக்கும். தேர்வுத்தாளில் திட்ட வெப்ப அழுத்த நிலை என்று குறித்திருந்தால் 22.4 போதும், ஊட்டிப் பள்ளி ஆய்வகத்தில் வாயுவைச் சேகரித்து அளந்தால், அன்றைய அழுத்தத்தையும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் (PV = nRT) இட்டே மோலைக் கணக்கிட வேண்டும்.