தலைவர்களுக்கு ஒரு பேரேடு

முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். ‘அரசியல்வாதி ஒருவரையும் நம்ப முடியாது’ என்று யாராவது சொன்னால் என் முதல் முதலாளிதான் நினைவுக்கு வருவார். கடன் வாங்கியவர்களில் நான்கு பேர் கம்பி நீட்டியதும் அவருக்கு மனம் வெறுத்துவிட்டது. மொத்தப் பாக்கியையும் வாராக்கடன் என்று எழுதச் சொன்னார். ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்களும் அதில் அடக்கம். விஷயம் தெரிந்ததும் அவர்களும் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

மன உணர்வை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். மத்திய அரசு சரியானதைச் செய்யும் என்று நம்புகிறீர்களா என 1958 முதல் அங்கே கேட்டு வருகிறார்கள். தொடக்கத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் நம்பினார்கள். வியட்நாம் போரும், அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் ஊழலும் அதைக் கரைத்தன. ஆனால் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் சில வாரங்களிலேயே அது பாதிக்கு மேல் ஏறிவிட்டது. அதற்குள் தலைவர்கள் யோக்கியர்களாகிவிட்டார்களா என்ன? பின்னர் இறங்கியும் விட்டது. ஆகவே மனத்தை ஓரமாக வைத்துவிட்டு, தலைவர்கள் தந்த வாக்குறுதிகளைக் கணக்கெழுத ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள்.

ஒருவருக்கு ஒரு பக்கம்; அதில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தி. எல்லாரையும் எழுதக் கிளம்பினால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். உங்கள் தொகுதியின் உறுப்பினர், அரசை நடத்தும் தலைவர், நீங்கள் வாக்களித்த ஒருவர்: மூன்று பேர் போதும்.

முதல் பத்தியில் அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே தேதியோடு எழுதுங்கள். உங்கள் சுருக்கம் வேண்டாம். முக்கியமாக, வினைச்சொல்லில் கை வைக்காதீர்கள். ‘கட்டுவேன்’ என்பது கடன் பத்திரம். ‘கட்ட நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதில் கடன் வாங்கியவரின் பெயரே இல்லை, எடுப்பது யார்? ‘ஆவன செய்யப்படும்’, ‘பரிசீலிக்கப்படும்’ ஆகியவற்றுக்கு நோட்டின் கடைசியில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை நான் கூட்டிப் பார்ப்பதே இல்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஓர் உறுப்பினர் ‘நூலகம் கட்டித் தருவேன்’ என்றதாக எழுதி, கட்டாததால் ‘பொய்’ என்று சிவப்பு மையில் குறித்து, இரண்டு ஆண்டுகள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பழைய செய்தித்தாள் நறுக்கு ஒன்று கையில் கிடைத்தது. அவர் சொன்னது ‘நூலகம் அமையப் பாடுபடுவேன்’. நழுவலான பேச்சுதான், சந்தேகமில்லை. ஆனால் பொய் எழுதியவன் நான். அந்த வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டேன். கணக்கில் திருத்தம் அப்படித்தான் செய்ய வேண்டும்; அழிப்பான் கூடாது.

இரண்டாம் பத்தி, அது அவர் கையில் இருக்கிறதா என்பது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிரிட்டன். 2010 தேர்தலில் நிக் கிளெக் தலைமையிலான லிபரல் டெமாக்ரட் கட்சி வேட்பாளர்கள், பல்கலைக்கழகக் கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்கள். கூட்டணி ஆட்சியில் சேர்ந்தார்கள். கட்டண வரம்பு ஏறக்குறைய மூன்று மடங்காகி 9,000 பவுண்டைத் தொட்டது. 2012இல் கிளெக் மன்னிப்புக் கேட்டார். 2015இல் கட்சி 57 இடங்களிலிருந்து 8க்கு விழுந்தது. கூட்டாளியின் மீது பழி போடலாமா? சட்டம் இயற்றுவது அவர்கள் கையில் மட்டும் இல்லை, சரி. ஆனால் எதிர்த்துக் கை தூக்குவது முழுக்க அவரவர் கையில்தான் இருந்தது. அவர்களில் சிலர் எதிர்த்து வாக்களிக்கவும் செய்தார்கள். வருமான வரி விலக்கு வரம்பை 10,000 பவுண்டாக உயர்த்துவோம் என்ற அதே கட்சியின் வாக்குறுதி நிறைவேறியது. அது யார் நினைவிலும் இல்லை. பேரேட்டில் இரண்டும் இருக்க வேண்டும்.

12 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட தேர்தல் வாக்குறுதிகளை ஆய்வாளர்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. தனித்து ஆளும் கட்சிகள் கூட்டணியில் ஆள்பவற்றைவிட அதிகம் நிறைவேற்றுகின்றன என்று தெரிந்தது. இரண்டாம் பத்தியின் அருமை அதில் இருக்கிறது.

மூன்றாவது, கெடு. சொல்லவில்லையென்றால் பதவிக்காலம் முடியும் நாள்.

நான்காவது, சான்று. அடிக்கல், ரிப்பன், புகைப்படம் மூன்றும் சான்றல்ல. நிதி ஒதுக்கீட்டு அறிவிப்பும் சான்றல்ல. ஒதுக்கியது வேறு, செலவழித்தது வேறு என்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். அவையில் எப்படி வாக்களித்தார், தணிக்கை அறிக்கை என்ன சொல்கிறது, ஆணையில் எந்தத் தேதி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பாலத்துக்காக ஒருவருக்குப் பச்சை மையில் வரவு வைத்தேன். ஆணையைத் தேடிப் பிடித்தபோது அதில் கையெழுத்து அவருக்கு முன்னால் இருந்தவருடையது. எனக்கு அந்த முன்னவரைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் மாற்றி எழுதினேன்.

மை என்றதும் ஒன்று. நான் வாக்களித்தவரின் பக்கத்தைப் புரட்டிய என் மகள், “அப்பா, இங்கே மட்டும் ஏன் பென்சில்?” என்று கேட்டாள். அவர் தவறியவற்றை எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறேன், அதுவும் மெலிதாக. எனக்கே தெரியாது. அன்றிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் ஒரே பேனா.

ஆண்டு முடிவில் நிலுவை உள்ள ஒரே ஒரு வரியை எடுத்துக் கடிதம் எழுதுங்கள். ஒன்றுதான். ஐந்து கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். அவர் சொன்ன வாக்கியம், சொன்ன தேதி, ‘இது எந்த நிலையில் இருக்கிறது, யார் பொறுப்பு?’ என்ற கேள்வி. ஆறு வரிக்கு மேல் போகக் கூடாது. திட்டும் வேண்டாம், புகழும் வேண்டாம். கடிதத்தின் நகலை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

சென்ற ஆண்டு நான் எழுதியதற்கு நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.’ தேதி போட்டுக் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, அதே ஆறு வரியை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.