ஆர்கேட் பெட்டிக்கு மானிட்டர் எடுக்குறவங்களுக்கு

பழைய ஆர்கேட் கேம், அதாவது பெட்டில காசு போட்டு ஆடுற வீடியோ கேம், முக்காவாசி 4:3 ஸ்க்ரீனுக்கு (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) செஞ்சது, அதனால ரங்கூன்ல செகண்ட்ஹேண்ட் கடைல தேடுறப்போ அகல ஸ்க்ரீனை விட்டுட்டு 20 இன்ச் 4:3 ஐபிஎஸ் மானிட்டர் (பக்கத்துல இருந்து பாத்தாலும் கலர் அவ்வளவா மாறாத பேனல்) கிடைக்குதான்னு பாருங்க. பேக்மேன் மாதிரி நெட்டுக்குத்தா ஆடுற கேம்னா ஐபிஎஸ்தான் எடுக்கணும், டிஎன்ங்கற மலிவு வகை பேனலை நெட்டுக்குத்தா திருப்பி மாட்டுனா பக்கத்துல நிக்குறவங்களுக்கு கலரே மாறிடும். கடைலயே படம் ஓடுறப்போ பிளக்கைப் புடுங்கி திரும்பச் சொருகுங்க, தானா ஆன் ஆகணும், ஏன்னா இங்க கரண்ட் போய்ப் போய் வருது, ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள்ள கைய விட்டு பட்டன் அமுக்க முடியாது பாருங்க. ஸ்டெபிலைசர் கண்டிப்பா வைங்க.

மாட்டுறது சுலபம். பின்னாடி 100 மில்லிமீட்டர் இடைவெளியில நாலு ஓட்டை இருக்கும், குறுக்குப் பலகைல அதே அளவுக்கு துளை போட்டு எம்4 ஸ்க்ரூ (4 மில்லிமீட்டர் தடிமன்) முடுக்குங்க, மானிட்டருக்குள்ள 6, 7 மில்லிமீட்டர் போனா போதும், நீளமா இருந்தா வாஷர் போட்டுக்கோங்க.