ப்ராக்ல ஒரு நாள், மாமியாரோட நடந்தே சுத்தறது எப்படி

மும்பை மாட்டுங்காலேர்ந்து நாங்க அஞ்சு பேர் செக் நாட்டுத் தலைநகர் ப்ராகுக்குப் போயிட்டு வந்தோம், அதுல கத்துண்டது இது. கோட்டைய காலைலயே முடிச்சுடுங்க, ஆனா கீழேர்ந்து ஏறாதீங்க, 22ஆம் நம்பர் டிராம்ல மேல போய் எறங்கிட்டா அப்பறம் பூரா எறக்கம்தான், மூச்சு வாங்கறவங்களுக்கு இது பெரிய உபகாரம். உள்ள செயின்ட் விட்டஸ் சர்ச், 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிச்சாங்களாம், நம்ம ஊர் ஃப்ளைஓவரே தேவலை.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. ரோடு பூரா உருண்டைக் கல்லு, என் மாமியார் கேக்காம சப்பல் போட்டுண்டு வந்து நெருதோவா தெருவுல பாதி வழில வார் அறுந்து, ஹேர்பின் குத்தி ஓட்டினோம். ஸ்ட்ரோலரும் கஷ்டம்தான்.

மத்தியானம் கம்பா பார்க்ல ஒக்காந்து மொளகாப்பொடி தடவின சப்பாத்தி. அங்கேர்ந்து சார்லஸ் பிரிட்ஜ் பக்கத்துலயே, 1357ல கட்ட ஆரம்பிச்சது, 30 சிலை, வண்டி கிடையாது, ஆனா கூட்டம் தாதர் பிரிட்ஜ் பீக் அவர் மாதிரி, பைய முன்னாடி மாட்டிக்குங்க. பிரிட்ஜ்ல நெபொமுக்ங்கற செயின்ட்டோட சிலைக்கு அடில ஒரு வெண்கலத் தகடு, எல்லாரும் தொட்டுத் தொட்டு அந்த எடம் மட்டும் தங்கமா மின்னும், மாமியார் அதைத் தொட்டு கண்ணுல ஒத்திண்டா.

கடைசில பழைய டவுன் ஹால் சுவத்துல இருக்கற 1410ஆம் வருஷத்து கடிகாரம். மணி அடிக்கறப்போ எலும்புக்கூடு கயிறு இழுக்கும், மேல ஜன்னல்ல பொம்மைங்க வரிசையா போகும், ஒரு நிமிஷம்கூட இல்ல, அதனால அஞ்சு நிமிஷம் முன்னாடியே போய் நில்லுங்க. பாத்ரூமுக்கு சில்லறை வெச்சுக்குங்க, நிறைய எடத்துல காசு கேக்கறான்.